மிதந்த முட்டை

இதனால் சகலமான பேருக்கும் அறிவிப்பது யாதெனில்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தேழாம் வருஷம் ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி சுமாருக்கு, நாகமலை புதுக்கோட்டைக்கு மேற்கே மூன்று மைல் தள்ளியிருக்கும் ஓடைக்கரைப்பட்டியில், ஒரு கோழிமுட்டை உப்புத் தண்ணீரில் மிதந்தது. மந்திரி யாரும் வரவில்லை. மாலை மரியாதை இல்லை. மாட்டுக் கொட்டத்துக்குப் பின்னால், ஒரு மண்பானைக்குள், நாலணாக் காசு அகலத்துக்குத் தன் மண்டையை வெளியே காட்டிக்கொண்டு அது பாட்டுக்கு மிதந்தது.

மிதக்க விட்டவள் மாயக்காள். மிதக்க விடச் சொன்னவர் அவளுடைய அண்ணன் தவசி. இந்த இரண்டாவது விஷயத்தை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் தவசி அதை மறப்பதற்குப் படாத பாடு படப்போகிறார்.

தவசி லேசுப்பட்ட ஆளில்லை. அரசாங்கத்திலிருந்து பழுப்புக் கவரில் வந்த கடிதத்தின்படி அவர் 'முன்னோடி விவசாயி'. அவருடைய ஒரு ஏக்கர் நெல்வயல் அந்த வருஷத்து விளைச்சல் போட்டிக்குத் தேர்வாகியிருந்தது. கடிதத்தைக் கண்ணாடி போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். முருகனை விட அரை அடி உயரத்தில்.

முன்னோடிகளுக்கு வழி சொல்ல ஒரு ஆள் வேண்டுமே. அதற்கு வந்தவர் விவசாய அலுவலர் துளசிராம், மதுரைப் பட்டணத்துச் சவுராஷ்டிரர், இருபத்தாறு வயசு. அவர் வீட்டில் மூன்று தலைமுறையாக யாரும் சேற்றில் கால் வைத்ததில்லை, தறிக்குழியில்தான் வைத்திருந்தார்கள். ஆனாலும் மனுஷர் படித்ததை மறைக்காமல் சொன்னார். சாவடியில் ஆண்களை உட்கார வைத்து, உப்பைக் கரைத்து முட்டை மிதக்கிற பதத்தில் விதைநெல்லைக் கொட்ட வேண்டும், பதர் மேலே வரும், கனத்த மணி அடியில் தங்கும், பதரை அள்ளி எறிந்துவிட்டு நல்ல விதையை மூன்று தடவை பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும், இல்லாவிட்டால் உப்பு முளையைக் கொன்றுவிடும் என்று ஒரு மணி நேரம் சொன்னார். ஆண்கள் ஒரு மணி நேரம் தலையாட்டினார்கள். பக்கத்துப் படப்பில் வைக்கோல் உருவிக்கொண்டிருந்த மாயக்காள் தலையாட்டவில்லை. மனசில் வாங்கிக்கொண்டாள்.

அதனால்தான் வெள்ளிக்கிழமை காலை, பெண்டாட்டி ரெங்கம்மாள் தண்ணீருக்குப் போன நேரம் பார்த்து, தவசி உப்புப் பையோடு கொட்டத்துக்கு வந்தார்.

"மாயக்கா, அந்த சாரு சொன்னாருல்ல... எம்புட்டு உப்புன்னு மறந்துருச்சு. நீயே செஞ்சிரு தாயி."

"அளவெல்லாம் இல்லண்ணே. முட்டைதான் அளவு. முதல்ல பச்சத் தண்ணியில போடணும், முங்கணும். பெறகு உப்பக் கரைச்சுக்கிட்டே வந்தா எந்திரிச்சு வரும். பச்சத் தண்ணியிலயே மிதந்துச்சுன்னு வையி, அது கூமுட்டை. அத நம்புனா விதை போச்சு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். புருஷன் செத்து ஐந்து வருஷத்தில் அவள் சிரித்ததெல்லாம் வயலைப் பற்றிப் பேசும்போதுதான். தவசியும் சிரித்தார். முட்டை முங்கியது, உப்பு கரைந்தது, முட்டை எழுந்தது. மாயக்காள் முழங்கை வரை நெல்லுக்குள் இறங்கிப் பதரை அள்ளிக்கொண்டிருந்தபோது, கொட்டத்து மூலையில் குடத்தோடு ரெங்கம்மாள் நின்றாள்.

"யாரு விதையில கை வச்சது?"

"பதரு எம்புட்டு மிதக்குது பாருங்க மதினி. போன வருஷம் இம்புட்டையும் நாத்தங்கால்ல கொட்டிட்டு, முளைக்கல முளைக்கலன்னு அழுதோம்."

"நான் பதரக் கேக்கல. தாலியறுத்த கை விதைநெல்லுல என்ன செய்யுதுன்னு கேட்டேன்."

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிட வேண்டும். தவசியின் அப்பன் காலத்தில் அந்த வீட்டில் அறுத்துக் கட்டிய, அதாவது புருஷன் போனபின் மறுதாலி கட்டிக்கொண்ட, பெண்கள் உண்டு. அதே கையால் விதைத்தார்கள், அதே கையால் நட்டார்கள். நெல் யாரையும் விசாரித்ததில்லை. பிறகு பம்புசெட்டு வந்தது. ஓட்டு வீடு மாடி வைத்த மெத்தை வீடானது. அந்த வருஷமே சம்பிரதாயமும் வந்து இறங்கியது. பெரிய வீடுகளில் விதவை விதையைத் தொடமாட்டாள், முதல் நாற்று நடமாட்டாள் என்று ரெங்கம்மாளின் அண்ணன் காளை எங்கேயோ கேட்டுக்கொண்டு வந்து சொன்னார். எரு சுமக்கலாம். களை எடுக்கலாம். கதிர் அறுக்கலாம், தூற்றலாம், அவிக்கலாம், குத்தலாம். கூலி மிச்சமாகும் இடங்களிலெல்லாம் சம்பிரதாயம் கண்ணை மூடிக்கொண்டுவிடும்.

மாயக்காள் அண்ணனைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை இல்லை. செம்பை இந்தப் பக்கம் நகர்த்து என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகப் பார்த்தாள்.

"இந்தாருங்க, நீங்களா செய்யச் சொன்னீக?" என்றாள் ரெங்கம்மாள்.

தவசி பானையை விட்டு இரண்டடி பின்வாங்கினார். அரசாங்கக் கடிதம், காளை மச்சான், ஊர்வாய், எல்லாம் வரிசையில் வந்து நின்றன. "எனக்கென்ன தெரியும்? நானே இப்பத்தான வாரேன்" என்றார்.

அப்போது அவர் கக்கத்தில் காலி உப்புப் பை இருந்தது.

மாயக்காள் அந்தப் பையைப் பார்த்தாள். பிறகு குனிந்து பானையைப் பார்த்தாள். "ஆமா மதினி. நானாத்தான் செஞ்சேன்."

தவசி பையைச் சுருட்டி வேட்டி மடிப்புக்குள் செருகிக்கொண்டார்.

சாயங்காலம் காளை வந்தார். நியாயம் சொல்வதற்கென்றே தோளில் ஒரு சரிகைத் துண்டு வைத்திருக்கிறவர். உட்கார்ந்து, வெற்றிலை போட்டு, துப்பி, பிறகு சொன்னார்.

"மாப்ள, இது போட்டி வயலு. மதுரை தல்லாகுளம் வரைக்கும் உங்க பேரு போயிருக்கு. இந்த விதை ஆகாது. மாட்டுக்கு வச்சிருங்க. குதிருலருந்து வேற விதை எடுத்து எந்தங்கச்சி கையால ஊறப் போடட்டும். மாயக்கா இனிமே வயலுக்குள்ள கால் வைக்க வேணாம். வீட்டோட கெடக்கட்டும்."

வயல் இல்லையென்றால் அந்த வீட்டில் மாயக்காளுக்கு வேறு என்ன இருந்தது என்பது தவசிக்குத் தெரியும். அடுப்பு ரெங்கம்மாளுடையது. முற்றம் ரெங்கம்மாளுடையது. மாயக்காளுக்கு இருந்தது அந்தச் சேறுதான். 'நாந்தான் செய்யச் சொன்னேன்' என்று மூன்று வார்த்தை போதும். தவசி வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

மாயக்காள் உள்ளிருந்து சொன்னாள்: "அலசுன விதைய மாட்டுக்கு வைக்க எனக்கு மனசு வரலண்ணே. ஓடைக்கர மூலையில பத்து சென்ட்டு சும்மாதான கெடக்கு. அங்கன நாத்துப் பாவுறேன். அது வயக்கணக்குல வராதுல்ல?"

"ம்" என்றார் தவசி. அன்றைய தேதியில் அவர் செய்த வீரச்செயல் அந்த 'ம்' ஒன்றுதான்.

குதிரிலிருந்து வேறு விதை வந்தது. பதரும் மணியும் பேதமில்லாமல் ஊறின. சாக்கில் கட்டி வைக்கோலுக்கடியில் வைத்தார்கள். இரண்டாம் நாள் முளை எட்டிப் பார்த்தது. முளை எட்டிப் பார்த்தால் உடனே நாற்றங்காலில் தூவிவிட வேண்டும். ஆனால் காளை பஞ்சாங்கம் பார்த்துவிட்டார். மூன்று நாள் கழித்து வியாழக்கிழமைக்குத்தான் நல்ல நேரம். நெல்லுக்குப் பஞ்சாங்கம் தெரியாதாகையால் மூன்று நாளும் மூட்டைக்குள்ளேயே வேர்விட்டு, பின்னிக்கொண்டு, வெந்து, புளித்த வாடை அடித்தது. வியாழக்கிழமை நல்ல நேரத்தில் சூடம் காட்டி அதைத் தூவினார்கள்.

இருபதாம் நாள் துளசிராம் சைக்கிளில் வந்து இறங்கினார். நாற்றங்கால் நடுத்தர வயதுக்காரரின் தலை மாதிரி இருந்தது. ஓரத்தில் கொஞ்சம், நடுவில் ஒன்றுமில்லை.

"என்னண்ணே இது? முட்டை வச்சுப் பாக்கலையா?"

"அது... பாத்தோம் சார்." பொய்யில்லை. பார்த்தார்கள்தான்.

துளசிராம் கண்ணைச் சுருக்கி ஓடைப் பக்கம் பார்த்தார். பார்த்தவர் சைக்கிளைப் போட்டுவிட்டு நடந்தார். பத்து சென்ட்டில் பச்சைப் பாய் விரித்தாற்போல நாற்று நின்றது. ஒரே உயரம், ஒரே நிறம், திட்டுத் திடல் இல்லை. ஓரத்தில் மாயக்காள் புல் அறுத்துக்கொண்டிருந்தாள்.

"அடேயப்பா! பாவு நூல் இழுத்த மாதிரியில்ல இருக்கு! ஒரு ஏக்கருக்குத் தாராளமாப் போதும். இது யாரு பாவுனது?"

காளை முந்திக்கொண்டார். "எல்லாம் மாப்ள ஏற்பாடுதான் சார். ஒண்ணு போனா ஒண்ணு இருக்கட்டும்னு."

துளசிராம் தவசியைப் பார்த்தார். தவசி நாற்றைப் பார்த்தார். "நம்ம கைதான் சார்" என்றார்.

புல்லறுக்கிற அரிவாள் சத்தம் ஒரு நிமிஷம் நின்றது. பிறகு மறுபடியும் கேட்டது.

விதவை தொட்ட விதையின் நாற்றைப் போட்டி வயலில் நடலாமா? காளை அதற்கும் தீர்ப்பு வைத்திருந்தார். விதையாக இருந்தவரைக்கும்தான் தோஷமாம். முளைத்துவிட்டால் பூமாதேவி வாங்கிக்கொண்டுவிட்டாளாம். ஒரு எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி எறிந்ததோடு சம்பிரதாயம் சமாதானமாகிவிட்டது.

நடவு நாளன்று ரெங்கம்மாள் பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஈசானி மூலையில் இறங்கி, குலவைச் சத்தத்துக்கிடையில், முதல் நாற்று முடியைக் கம்பு நடுகிற மாதிரி ஒரு முழ ஆழத்துக்கு அழுத்தினாள். அத்தோடு அவள் வேலை முடிந்தது. அதற்குப் பிறகுதான் தெரிந்தது, வந்திருந்த நடவாட்கள் யாருக்கும் கயிறு பிடித்து நடத் தெரியாதென்று. காளை கொஞ்சம் யோசித்து, முதல் முடி நட்ட பிறகு யார் இறங்கினாலும் குற்றமில்லை என்று சொன்னார். மாயக்காள் இறங்கினாள்.

"குத்துக்கு ரெண்டு நாத்து, மிஞ்சுனா மூணு. கட்டுக்கட்டா சொருகாதத்தா, அது என்ன மல்லிகப் பூவா? மேலாப்புல வையி, ஆழத்துல போனா கிளை வெடிச்சுத் தூரு கட்டாது. வரிசைக்கு எட்டு அங்குலம், குத்துக்கு நாலு அங்குலம். கயித்துல முடிச்சிருக்குல்ல, அதப் பாரு, ஏம் மொகத்தப் பாக்காத!"

நடவாட்கள் சிரித்தார்கள். வரப்பில் நின்ற தவசிக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் முன்னோடி விவசாயி தன் முன்னோடித் தொழிலைக் கொல்லைப்புறத்தில்தான் நடத்தினார். ரெங்கம்மாள் அந்தப் பக்கம் போனதும் கொட்டத்துக்கு வருவார். எருமையைத் தடவிக் கொடுக்கிற மாதிரி நின்றுகொண்டு, எருமையிடம் பேசுகிற குரலில் கேட்பார்.

"ரெண்டாம் உரம் எப்ப மாயக்கா?"

"தூரு கட்டுறப்ப. தண்ணிய வடிச்சிட்டுப் போடு. யூரியாவ மொத்தமா கொட்டிராத, மூணு பங்கா பிரி. வேப்பம் பிண்ணாக்கத் தூளாக்கிக் கலந்துக்க, கரைஞ்சு ஓடாது."

"குருத்துப் பூச்சி?"

"வெள்ளக் குருத்து ஒண்ணு ரெண்டு கண்டேன். பிடுங்கிப் போட்டுட்டேன். நீ பயப்படாத, போ."

நீ பயப்படாத என்று அவள் சொன்னது பூச்சியைப் பற்றித்தான். தவசிக்கு அப்படிப் படவில்லை.

தை மாதம் அதிகாரிகள் வந்து அளந்து அறுத்து, அடித்து, எடை போட்டார்கள். ஏக்கருக்கு நாற்பத்திரண்டு மூட்டை. அதுவரை அந்தப் பக்கத்தில் இருபது கண்டால் பெரிசு. மாசியில் பரிசளிப்பு விழா, தல்லாகுளத்தில், ஒரு பெரிய மண்டபத்தில். தம்பதியாக வரும்படி அழைப்பு.

புறப்படுகிற அன்று காலையில், எதிரே வந்துவிடாமல் இருக்க, மாயக்காள் தானாகவே மாட்டுக் கொட்டத்துக்குள் போய்விட்டாள். யாரும் சொல்லவில்லை. யாராவது சொல்லியிருந்தால், அவர்கள் மேலாவது கோபப்பட்டிருக்கலாமே என்று தவசிக்கு இருந்தது. வண்டி ஏறும்போது கொட்டத்துப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் இருப்பதற்காகச் செருப்பு வாரைச் சரிசெய்தார். வார் சரியாகத்தான் இருந்தது.

மண்டபத்தில் முந்நூறு விவசாயிகள். மேடையில் ஏழெட்டு நாற்காலி. மாலை விழுந்தது. கேடயம் கொடுத்தார்கள். மருந்தடிக்கிற கைத்தெளிப்பான் ஒன்றும் கொடுத்தார்கள். ரெங்கம்மாளோடு சேர்த்துப் படம் எடுத்தார்கள். இதோடு விட்டிருந்தால் தவசி தப்பித்திருப்பார். விடவில்லை. பெரிய அதிகாரி ஒலிபெருக்கியில் சொன்னார்: "இப்போது நமது முன்னோடி விவசாயி, உப்புக் கரைசல் முறையைத் தன் கையாலேயே நமக்குச் செய்து காட்டுவார்!"

மேசை வந்தது. கண்ணாடித் தொட்டியில் தண்ணீர், உப்பு, விதைநெல், கடையிலிருந்து சேவகர் வாங்கி வந்த ஒரு முட்டை.

தவசி முட்டையை எடுத்தார், திரும்ப வைத்தார். முட்டை முதலா, உப்பு முதலா? ஞாபகத்தில் மாயக்காளின் கை தெரிந்தது. கை செய்தது தெரியவில்லை. ஒரு பிடி உப்பை அள்ளிப் போட்டார். உப்பு கரையாமல் தொட்டியின் அடியில் வெள்ளையாகப் போய் உட்கார்ந்தது. முட்டையை மெல்ல விட்டார்.

முட்டை மிதந்தது. நாலணா அகலத்துக்கு இல்லை. பாதி உடம்பு வெளியே தெரிய, படகு மாதிரி, குஷியாக மிதந்தது.

மண்டபமே கைதட்டியது. "பார்த்தீர்களா! இதுதான் அனுபவம்! அளவு பார்க்கவில்லை, கரைக்கக்கூட இல்லை!" என்று பெரிய அதிகாரி பூரித்துப்போனார்.

மேடை ஓரத்தில் நின்ற துளசிராம் மட்டும் கைதட்டவில்லை. பக்கத்தில் வந்து காதோடு சொன்னார்: "அண்ணே, உப்பு அடியிலயே கெடக்கே. இது பச்சத் தண்ணியில மிதக்குது."

தவசிக்குக் காது மடல் எரிந்தது. இந்த முட்டை என்ன முட்டை என்று அந்த மண்டபத்தில் அவருக்கும் துளசிராமுக்கும்தான் தெரியும். ஒலிபெருக்கி வாய்க்கு நேரே இருந்தது. 'எந்தங்கச்சி மாயக்காள்' என்று ஆரம்பித்தால் போதும், மீதி தானாக வந்துவிடும். வாயைத் திறந்தார். ஒலிபெருக்கி கீச்சென்று கத்தியது. பயந்துபோய் மூடினார். மறுபடி திறந்தபோது வந்தது இதுதான்:

"எல்லாம் ஆபீசருங்க ஆசீர்வாதம்."

மறுபடி கைதட்டல். துளசிராம் முட்டையை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றி, மேசைக்கடியில் வைத்தார். மரியாதைப்பட்ட மனுஷர்.

வீட்டுக்கு வந்து சேரும்போது விளக்கு வைத்தாகிவிட்டது. மாயக்காள் கைத்தெளிப்பானைத் தூக்கி, மூடியைத் திருகி, குழாயை ஊதிப் பார்த்தாள். கேடயத்தை அவள் பார்க்கவில்லை.

"மேடையில செஞ்சு காட்டச் சொன்னாகளாண்ணே?"

"ம்."

"முட்டை மிதந்துச்சா?"

"மிதந்துச்சு."

"உப்பு கரைஞ்ச பெறகா?"

தவசி சட்டைப் பொத்தானை அவிழ்த்துக்கொண்டிருந்தார். எல்லாப் பொத்தானையும் அவிழ்த்து முடித்த பிறகும் விரல்கள் பொத்தான் தேடின. மாயக்காள் தெளிப்பானின் மூடியைத் திருகி மூடி, அதைச் சாக்கில் சுற்றி வைத்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

மறு வருஷம் ஆவணி வந்தது. மறுபடி போட்டி. ரெங்கம்மாள் கோயிலுக்குப் போயிருந்த ஒரு காலையில், தவசி ஒரு கையில் உப்புப் பையும் ஒரு கையில் முட்டையுமாகக் கொட்டத்துக்கு வந்தார்.

"மாயக்கா, மதினி வர்றதுக்குள்ள..."

மாயக்காள் முறத்தில் விதைநெல் புடைத்துக்கொண்டிருந்தாள். தன் பத்து சென்ட்டுக்கு வேண்டிய இரண்டு படி. நிமிரவில்லை.

"மதினி வரட்டும்ண்ணே. அவுக அண்ணனும் வரட்டும். பானைய முன்வாசல்ல வையி. 'நாந்தான் செய்யச் சொன்னேன், போன வருஷமும் நாந்தான் சொன்னேன்'னு நாலு பேரு கேக்க ஒரு வார்த்த சொல்லு. முழங்கை வரைக்கும் இறங்குறேன். ராத்திரிக்கு நாத்து நடச் சொன்னாலும் நடுறேன். கொல்லப்பக்கமா மட்டும் இனி எங்கை வராது."

"அதெப்படித்தா முன்வாசல்ல... ஊரு என்ன பேசும்..."

"அப்பச் சரி. ஊரையே கரைக்கச் சொல்லு."

தவசி நின்றார். கையில் முட்டை சூடேறியது. உள்ளே குஞ்சு இருந்திருந்தால் பொரித்திருக்கும், அவ்வளவு நேரம் நின்றார். மாயக்காள் முறத்தைத் தட்டி, விதையை மடியில் கட்டிக்கொண்டு, ஓடைக்கரையைப் பார்த்து நடந்தாள்.

போட்டி வயல் விதைக்கு உப்புக் கரைசல் முறை முன்வாசலில்தான் நடந்தது. காளை தலைமை. முட்டைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள். ரெங்கம்மாள் பட்டுடுத்தி உப்பைக் கரைத்தாள். முட்டை எழுந்து வந்தபோது குலவை போட்டு, பானையைச் சூடம் காட்டிக் கும்பிட்டார்கள். பதரை அள்ளியாயிற்று. அடுத்து மூன்று தடவை அலச வேண்டும், இல்லாவிட்டால் உப்பு முளையைக் கொன்றுவிடும் என்று தவசிக்கு அன்றைக்குப் பார்த்து நன்றாக ஞாபகம் வந்தது.

"மச்சான், பச்சத் தண்ணியில..."

"கும்பிட்ட தண்ணி மாப்ள!" என்றார் காளை, சரிகைத் துண்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு. "அதக் கழுவி ஊத்துனா தரித்திரம். அப்படியே சாக்குல கட்டு."

தவசி ஓடைப் பக்கம் பார்த்தார். அங்கே குனிந்த முதுகு ஒன்று தெரிந்தது. பிறகு சாக்குக்குக் கயிறு எடுத்துக் கொடுத்தார்.

அந்த வருஷம் தவசியின் ஒரு ஏக்கரில் பதினோரு மூட்டை கண்டது. அதில் பத்தில் ஒரு பங்கான ஓடைக்கரைப் பத்து சென்ட்டில் நாலு மூட்டை.